கட்டலோனியா: வாக்களித்தும் விடுதலை கிடைக்காதது ஏன்?

கேள்வி (முத்தியால்பேட்டை, புதுச்சேரி): 1954 அக்டோபர் 18 அன்று நம் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்ததைப் பிரான்ஸ் ஏற்றது. 2017இல் ஸ்பெயினின் ஒரு பகுதியான கட்டலோனியாவில் வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் தனிநாடு கேட்டும் ஸ்பெயின் மறுத்தது ஏன்?

பதில் (கடலூர்): கீழூருக்கு இரு அரசுகளும் முன்பே ஒப்புக்கொண்டிருந்தன. ஸ்பெயினின் 1978 அரசியலமைப்போ நாட்டைப் பிரிக்கவியலாது என்கிறது. 2017இல் வாக்குப்பதிவும் 43 விழுக்காடுதான்.

பதில் (வில்லியனூர்): செல்வச் செழிப்புள்ள கட்டலோனியா வரிப்பணத்தைப் பகிர மனமின்றிப் பிரியப் பார்க்கிறது என்று சிலர் சொல்வதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். கட்டலோனியாவின் தன்னாட்சிச் சட்டத்தில் சில பிரிவுகளை 2010இல் ஸ்பெயினின் அரசியலமைப்பு நீதிமன்றம் நீக்கிய பிறகே, 2013 செப்டம்பர் 11 அன்று 400 கிலோமீட்டர் தொலைவுக்கு மக்கள் கைகோத்து நிற்குமளவுக்கு இயக்கம் பெருகியது. 2017 வாக்கெடுப்பின்போது வாக்குச்சாவடி வாசலில் வெறுங்கையுடன் நின்றவர்களைக் காவலர்கள் தடியால் அடித்ததற்கு எந்தச் சட்டமும் நியாயமாகாது.

பதில் (கடலூர்): அதில் உடன்படுகிறேன். 2019இல் சிறைத்தண்டனை பெற்ற தனிநாட்டு இயக்கத் தலைவர்களுக்கு 2021இல் மன்னிப்பு வழங்கப்பட்டது.