கரும்புத் தோட்டத்து மருந்தா, பிறவிக் கூறா? நடுக்குவாதத்தின் காரணம் குறித்து

செங்கரும்பு (சேன்-ஆந்த்ரே):
என் தாத்தா முப்பது ஆண்டுகளுக்கும் மேல் முதுகில் தெளிப்பானைச் சுமந்து கரும்புக்குக் களைக்கொல்லி அடித்தவர். இப்போது வலக்கை சும்மா இருக்கும்போதே நடுங்குகிறது. இவ்வாண்டு காவடியன்று வேட்டி முடிச்சைக்கூட அவரால் போட முடியவில்லை. பத்தாண்டுகளுக்குக் குறையாமல் பூச்சிமருந்துகளோடு புழங்கிய விவசாயத் தொழிலாளிக்குப் பார்க்கின்சன் நோய் எனும் இந்த நடுக்குவாதம் வந்தால், அதைத் தொழில்சார் நோயாக ஏற்கலாம் என்று நம் ரெயூனியோன் தீவை ஆளும் பிரான்சு 2012-இல் ஆணையிட்டது. அரசே ஒப்புக்கொண்ட பிறகு காரணத்தைப் பற்றி விவாதிக்க என்ன மிச்சமிருக்கிறது?

கடலோரன் (சேன்-பியேர்):
தாத்தாவின் நிலை வருத்தம் தருகிறது, தம்பி. ஆனால் இழப்பீட்டுச் சட்டத்தை ஆய்வு முடிவாகக் கொள்ளக் கூடாது. தொழிலாளி ஒவ்வொருவரும் தன் நோய்க்குத் தனியே சான்று தேடி அலையக் கூடாது என்பதற்காகவே அப்படிப்பட்ட ஆணைகள் எழுதப்படுகின்றன. ஜேம்ஸ் பார்க்கின்சன் லண்டனில் இந்நோயை விவரித்தது 1817-இல். இன்றைய களைக்கொல்லிகள் எவையும் அப்போது இல்லை. 1997-இல் இத்தாலிய, கிரேக்கக் குடும்பங்களில் ஆல்ஃபா-சைநியூக்ளின் என்ற புரதத்தின் மரபணுவில் பிழை கண்டறியப்பட்டது. அதே ஆண்டில், அந்தப் பிழையே இல்லாத நோயாளிகளின் நரம்பணுக்களில் திரளும் லூயி உருண்டைகளும் பெரிதும் அதே புரதத்தால் ஆனவை என்று தெரிந்தது. வேர் அந்தப் புரதத்தில் இருக்கிறது என்பதே என் கருத்து.

மருத்துவ மாணவி (சேன்-தெனி):
இருவரும் பாதியைத்தான் சொல்கிறீர்கள். 1982-இல் கலிபோர்னியாவில், கள்ளத்தனமாகத் தயாரித்த ஹெராயின் போன்ற போதைப்பொருளை ஊசியில் ஏற்றிக்கொண்ட சில இளைஞர்கள் சில நாட்களுக்குள் முதிய பார்க்கின்சன் நோயாளிகளைப் போல உறைந்துபோனார்கள். அதில் கலந்திருந்த எம்.பி.டி.பி. மூளைக்குள் வேறொரு நச்சாக மாறுகிறது. உடலசைவைச் சீராக்கும் டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளை உள்ளிழுக்கும் வாயில் வழியாகவே அது டோபமைன் நரம்பணுவுக்குள் நுழைந்து, மைட்டோகாண்ட்ரியாவில் ஆற்றல் உண்டாகும் தொடரின் முதல் கட்டத்தை அடைக்கிறது. ஆற்றல் வற்றிய அணு செத்துவிடுகிறது. நடுமூளையில் கருமையாகத் தெரியும் அந்தச் சிறு பகுதி ஏன் குறிப்பாக அழிகிறது என்பதற்கு முதன்முதலாகக் கைக்குச் சிக்கிய தெளிவான வழி இதுதான்.

செங்கரும்பு:
அந்த நச்சைப் போலவே பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் வேதியமைப்பும் இருப்பதாகப் படித்தேன். ஐரோப்பிய நீதிமன்றம் 2007-இல் அதன் அனுமதியை ரத்துச் செய்தது. இதற்கு மேல் என்ன வேண்டும், அண்ணே?

கடலோரன்:
உருவம் ஒத்தால் செயலும் ஒக்கும் என்பதில்லை. பாராகுவாட் அந்த முதல் கட்டத்தை வலுவாக அடைப்பதில்லை. அணுவுக்குள் ஆக்சிஜன் சார்ந்த நச்சுத் துகள்களைப் பெருக்கியே சேதம் செய்கிறது. மேலும், எம்.பி.டி.பி.யால் நோயுற்று, பல ஆண்டுகள் கழித்து இறந்தவர்களின் மூளையில் லூயி உருண்டைகள் காணப்படவில்லை. நடுக்கத்தையும் விறைப்பையும் நச்சு உண்டாக்கலாம். அதனால் அது இந்த நோயே ஆகிவிடாது.

மருத்துவ மாணவி:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே முதல் கட்டத்தை அடைக்கும் ரோட்டினோன் என்ற பூச்சிக்கொல்லியை எலிகளுக்குத் தொடர்ந்து சிறிது சிறிதாகச் செலுத்தியபோது, ஆல்ஃபா-சைநியூக்ளின் திரண்டதை 2000-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரே அடியாக விழும் நச்சும் ஆண்டுக்கணக்கில் சொட்டும் நச்சும் ஒரே விளைவைத் தருவதில்லை போலும். மரபணுப் பக்கமும் அவ்வளவு நேரானதில்லை: இந்நோயோடு தொடர்புள்ள எல்.ஆர்.ஆர்.கே.2 என்ற மரபணுவில் பிழையுள்ளவர்களில் பலர் நோயே வராமல் வாழ்ந்து முடிக்கிறார்கள்.

நம் தீவிலேயே பாடம் இருக்கிறது. இது நரம்பு நோயன்று, தசைச் சிதைவு நோய். ஆயினும் சொல்லத் தகுந்தது. ரெயூனியோன் குடும்பங்கள் சிலவற்றில் கண்ட நோய்க்கு ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே பிழைதான் காரணமாக இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். 1995-இல் அந்நோய்க்குரிய கால்பெயின்-3 மரபணு அடையாளம் காணப்பட்டபோது, அதே தீவில் பல வெவ்வேறு பிழைகள் தென்பட்டன.

கடலோரன்:
அந்தக் கதையை நான் மறந்தே போயிருந்தேன், அம்மா. மரபணு என்று சொல்லிவிட்டால் கணக்கு முடிந்துவிடும் என்று நான் எழுதியது அவசரம்தான். இருந்தாலும் தம்பியின் தாத்தாவுக்கு எது காரணம் என்று ஒருவராலும் சொல்ல முடியாது என்பதில் நான் மாறவில்லை.

மருத்துவ மாணவி:
அதில் எனக்கும் மறுப்பில்லை. இன்னொன்று: கரீபியக் கடலிலுள்ள குவாதலூப் தீவில், இந்நோய்க்கு வழக்கமாகத் தரும் லெவோடோபா மருந்துக்குச் சரிவர இணங்காத நடுக்குவாதம் வழக்கத்துக்கு மாறாக மிகுந்திருப்பதை 1999-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். கொரோசோல் என்ற முள்சீத்தாவின் பழமும் இலைக் கஷாயமும் அதனோடு தொடர்புபடுத்தப்பட்டன; அதிலுள்ள அனோனசின் அதே முதல் கட்டத்தைத்தான் அடைக்கிறது. அந்தத் தொடர்பு ஐயமற நிறுவப்படவில்லை. ஆனாலும் தோட்டத்து மருந்து மட்டுமே நச்சு, வீட்டு மூலிகை நச்சில்லை என்று பிரித்துப் பார்க்க ஆய்வகத்தில் இடமில்லை.

செங்கரும்பு:
எந்த மருந்தை அடித்தார் என்று நேற்று தாத்தாவிடம் கேட்டேன். பெயர் நினைவில்லை, நீல நிறமும் குமட்டும் நாற்றமும்தான் நினைவிருக்கின்றன என்றார். கொரோசோல் இலைக் கஷாயம் தூக்கத்துக்காக எங்கள் வீட்டில் ஒவ்வோர் இரவும் கொதிக்கிறது. நிறுத்தலாம் என்றேன், பாட்டி முதலில் உன் மருத்துவ மாணவியை இங்கே வரச் சொல் என்கிறார்.