புதுப்பிப்பு: கொரோலா 110 டைமிங் பெல்ட், ஒரு பல்லுத்தான் பிழை

போன கிழமை கேட்டனே, என்ர டொயோட்டா கொரோலா 110 காருக்கு புது டைமிங் பெல்ட் (எஞ்சின்ர கிராங்க் தண்டையும் வால்வைத் திறக்கிற கேம் தண்டையும் ஒண்டாச் சுத்த வைக்கிற பல்லுப் பட்டி) போட்ட பிறகு கார் நிக்கேக்க ஐட்லிங் நடுங்குது இழுவையும் இல்லை எண்டு, அது சரி வந்திட்டுது, எல்லாருக்கும் நன்றி. ஸ்பார்க் பிளக் நாலையும் கழட்டிப்போட்டு கிராங்கைக் கையால ரெண்டு சுத்து சுத்திப் பாருங்கோ எண்ட அண்ணை சொன்னதுதான் சரி. கிராங்க் புல்லி (தண்டின்ர நுனியில இருக்கிற சில்லு) 0 மார்க்கில நிக்குது, ஆனா கேம் புல்லி ஓட்டைக்குள்ளால முழுசாத் தெரியவேண்டிய வெட்டு மார்க் ஓரமாத்தான் தெரியுது, அதாவது பெல்ட்டை ஒரு பல்லுத் தள்ளி மாட்டியிருக்கிறன்.

எதிர்பாராதது என்னெண்டா கேம் ஒயில் சீல் (ஒயில் வெளிய வராமல் தடுக்கிற வளையம்) கசிஞ்சு புது பெல்ட்டே நனைஞ்சு கிடந்தது, பிறகென்ன, கொழும்பில கார் பாட்ஸ் விக்கிற பஞ்சிகாவத்தைக்குப் போய் சீலும் இன்னொரு பெல்ட்டும் வாங்கினன். இந்தமுறை டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கமா வைச்சிருக்கிற சில்லு) இல்லாத பக்கத்தைத் தொய்யவிடாமல் மாட்டி, டென்ஷனர் போல்ட்டை லூசா விட்டு ஸ்பிரிங் தானா இழுக்க, கிராங்கை வலப்பக்கமா ரெண்டு சுத்து, மார்க் ரெண்டும் பொருந்தின பிறகுதான் டைட் பண்ணினன். முதல் தரம் நான் டென்ஷனரை நெம்பி இறுக்கினது, மொக்கு வேலை.