வேலையை வாங்கிக்கொண்டு வம்புக்கு நிற்கும் வாடிக்கையாளர்கள்: பெங்களூரில் சிறுதொழில் செய்வோரின் அனுபவங்கள்

அல்சூர், தையற்கடை:
ஆரி வேலைப்பாட்டு ரவிக்கைகளில் என்னென்ன தகராறுகள் வரும் என்பதை இத்தொழிலில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கல்யாணத்துக்காக மூன்று ரவிக்கைகள் தைக்கக் கொடுத்த ஓர் அம்மாள், அளவுக்கு மகளின் பழைய ரவிக்கையைத் தந்து, பாதித் தொகையை முன்பணமாகக் கட்டிவிட்டு, மீதியைக் கல்யாணம் முடிந்த மறுவாரம் தருவதாகச் சொல்லியிருந்தார். வாங்க வந்தபோது மகள் போட்டுப் பார்த்ததில் ஒன்றில் மட்டும் கை இறுக்கமாக இருந்தது. உட்புறம் துணி விட்டுத்தான் தைத்திருந்தோம் என்பதால், அங்கேயே பிரித்துத் தளர்த்திக் கொடுத்திருக்க முடியும். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அந்த அம்மாள் கைப்பேசியை உயர்த்தி, மகளின் கையையும் என் முகத்தையும் மாறிமாறிப் படம் பிடித்தபடி, “இந்தக் கடைக்கு யாரும் வராதீர்கள்” என்று கன்னடத்தில் பேசத் தொடங்கிவிட்டார். அந்தப் பெண் பாதி உயர்த்திய கையோடு, “வேண்டாம்மா, நிறுத்தும்மா” என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் மாஸ்டர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். கையைச் சரிசெய்து மூன்றையும் அன்றே கொடுத்துவிட்டேன். மீதிப் பணம் வரவில்லை, கூகுளில் ஒற்றை நட்சத்திரம் மட்டும் வந்தது. மாஸ்டர் திரும்பிக்கொண்ட விதம்தான் இன்னும் மனத்தை உறுத்துகிறது.

பீனியா, லேத் பட்டறை:
அம்மா, உங்களுக்கு வந்தவர் முகத்துக்கு நேராகச் சண்டை போட்டார். எங்களுக்கு வாய்ப்பவர்கள் தேநீர் கொடுத்து உட்கார வைத்துச் சண்டை போடுவார்கள். பிவிசி புஷ் (குழல் வடிவ உதிரிபாகம்) அனுப்பி இரண்டு மாதத்துக்கு மேலாகியும் பணம் வராததால் நேரில் போனபோது, கொள்முதல் மேலாளர் ரிஜெக்‌ஷன் நோட் ஒன்றை எடுத்து நீட்டினார்; உள்விட்டம் கூடுதல், எல்லாவற்றையும் அளந்து பார்த்துவிட்டோம் என்று அதில் எழுதியிருந்தது. சரக்கைப் பார்க்க வேண்டும் என்று ஸ்டோருக்குப் போனேன். எங்கள் பெட்டிகள் அனைத்தும், பட்டறையில் நானே இழுத்துக் கட்டிய பிளாஸ்டிக் பட்டை அறுபடாமல், நாங்கள் அடுக்கி அனுப்பிய அதே வரிசையில் இருந்தன. பெட்டியைத் திறக்காமல் உள்விட்டத்தை எப்படி அளந்தார்களோ! ஸ்டோர் பையனைக் கொண்டே ஒரு பெட்டியை அறுக்கச் சொல்லி, அவர்களுடைய கருவியாலேயே அளக்க வைத்தேன். அளவு சரியாக இருந்தது. மேலாளர் கொஞ்சமும் கூசாமல், “இந்த ஒன்று சரியாக இருக்கலாம்” என்றார்.

2006 ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, சரக்கு வந்து சேர்ந்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் மறுப்புத் தெரிவிக்காவிட்டால் அதை ஏற்றுக்கொண்டதாகவே பொருள். ஒப்பந்தம் என்ன சொன்னாலும் தவணை 45 நாட்களைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக ஏறும். இவற்றைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிய பிறகு அசல் மட்டும் இரண்டு தவணையாக வந்தது. வட்டியை நான் வற்புறுத்தவில்லை, ஏனெனில் அடுத்த ஆர்டரும் அதே மேலாளரின் கையில்தான் இருக்கிறது.

சிவாஜிநகர், அச்சகம்:
வாட்ஸ்அப்பில் புரூஃப் பார்த்துச் சம்மதித்த பத்திரிகையில் சம்பந்தியின் பட்டப்படிப்பு விடுபட்டுவிட்டது என்று சொல்லி, ஒருவர் கட்டுக் கட்டாக எங்கள் வாசலில் கொட்டிவிட்டுப் போனார்; அவ்வளவுதான் என் கதை. அல்சூர் அம்மையார் செய்ததைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பணம் வராமல் துணியைக் கொடுத்ததன் மூலம், கைப்பேசியைத் தூக்கினால் காரியம் நடக்கும் என்று அடுத்த வாடிக்கையாளருக்கும் நீங்களே கற்றுக் கொடுக்கிறீர்கள். 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 170 ஆம் பிரிவில், பிறர் கொடுத்த பொருளில் உழைப்பையும் திறமையையும் செலுத்தியவர் கூலி வரும்வரை அப்பொருளைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம் என்று கூறுகிறது. பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தை நகைத் தொழிலாளி பிடித்து வைப்பதையே உதாரணமாகவும் காட்டுகிறது. இனிமேல் முன்பணத்தை முக்கால் பங்காக்குங்கள். அளவு ரவிக்கையை வாங்கும்போதே அளவுகளைச் சீட்டில் எழுதிக் கையொப்பம் பெறுங்கள். மீதிக்குத் தேதியிட்ட காசோலை வாங்குங்கள். அது பணமின்றித் திரும்பினால், தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்பலாம், அதைப் பெற்றவர் 15 நாட்களுக்குள் பணம் தராவிட்டால் குற்ற வழக்கே தொடரலாம். கடையில் ஒரு கேமராவும் பொருத்துங்கள்.

ஸ்ரீராமபுரம், கல்யாணச் சமையல்:
அச்சக நண்பரே, நீங்கள் பத்திரிகையைப் பிடித்து வைக்கலாம். சாப்பிட்டு முடித்த சாப்பாட்டை நான் எப்படிப் பிடித்து வைப்பது? முகூர்த்தத்துக்கு முன்தினம் ரவிக்கையைத் தர மறுத்தால் அந்தக் கடை வாசலில் எத்தனை பேர் கூடுவார்கள் என்று யோசித்துவிட்டு அறிவுரை சொல்லுங்கள்.

எங்கள் வம்பெல்லாம் இலைக் கணக்கில் வரும். மதியப் பந்தி முடிந்து, பேசியதற்கு மேல் விழுந்த இலைகளுக்குப் பணம் கேட்டபோது, பெண்ணின் பெரியப்பா எங்கள் கணக்கை நம்ப மாட்டேன் என்று சொல்லி, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு குச்சியோடு மண்டபத்தின் பின்புறம் போய் எச்சில் இலைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி எண்ணத் தொடங்கினார். எண்ணிக்கொண்டிருக்கும்போதே குப்பை வண்டி வந்து பாதியை ஏற்றிவிட்டது. மிச்சமிருந்த இலைகள்தாம் மொத்தக் கணக்கு என்று அவர் சாதித்ததையும், அதற்கு நான்கு பேர் தலையாட்டியதையும் என்னவென்று சொல்ல! கடைசியில் பெண்ணின் தாய்மாமன் குறுக்கிட்டு, வித்தியாசத்தில் பாதியைத் தம் கையிலிருந்து கொடுத்தார். இப்போது ஒவ்வொரு பந்தி எழுந்ததும் இரு தரப்பிலும் ஒருவர் நோட்டில் கையெழுத்திட வேண்டும். அதற்கும் முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள்.

பீனியா, லேத் பட்டறை:
அச்சக நண்பர் சொன்ன அதே 170 ஆம் பிரிவில், வைரத்துக்கு அடுத்த உதாரணமே தையற்காரரைப் பற்றியதுதான். கோட்டு தைத்து முடித்ததும் கொடுத்துவிடுவதாகவும், கூலிக்கு மூன்று மாதம் தவணை தருவதாகவும் அவர் ஒப்புக்கொண்டிருந்தால், கோட்டைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமையில்லை என்று அது கூறுகிறது. மீதியைக் கல்யாணத்துக்குப் பிறகு தரலாம் என்று அல்சூர் அம்மா சம்மதித்திருந்ததால், அவர் ரவிக்கையைக் கொடுத்ததுதான் சட்டப்படியும் சரி.

அல்சூர், தையற்கடை:
பீனியா ஐயாவுக்கு நன்றி. அச்சக ஐயா சொன்ன கேமரா முன்பே இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்து யாரும் குரலைத் தாழ்த்திக்கொள்வதில்லை. அந்தப் பெண் நேற்று தனியாக வந்து, வளைகாப்புக்கென்று ஒரு பட்டு ரவிக்கைத் துணியைக் கொடுத்து, பழைய மீதியைத் தானே தந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். வாங்கித் தைக்கலாம் என்பது என் எண்ணம், வேண்டவே வேண்டாம் என்கிறார் மாஸ்டர்.