இடுப்பு மூட்டு உரசலுக்குத் துளை ஆபரேஷன்: எலும்பைச் செதுக்கணுமா, பிசியோ போதுமா?

முரளி_கோல்கீப்பர்: வயது 32, வாரக் கடைசியில் கால்பந்து. குந்தி உட்கார்ந்தாலோ, காரில் ஏறிக் காலை உள்ளே இழுத்தாலோ கவட்டையில் சுருக்கென்கிறது. தொடை எலும்பின் கழுத்துப் பக்கம் எலும்பு புடைத்து இடுப்புக் கிண்ணத்தின் விளிம்பில் இடிக்கிறதாம், 'கேம்' வகை என்கிறார்கள். சின்னத் துளை போட்டுக் கருவியை விட்டு இடிக்கிற எலும்பைச் செதுக்கிவிட வேண்டியதுதானே? பிசியோவில் எலும்பு கரையுமா?

பிசியோ_செல்வி: கரையாது தம்பி. ஆனால் பந்து ஆடுகிறவர்கள் நிறையப் பேருக்கு வளர்கிற வயதிலேயே அந்தப் புடைப்பு வந்துவிடுகிறது, பாதிப் பேர் வலியே தெரியாமல் ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொன்னாலும் தப்பில்லை. அதனால்தான் இந்த உரசலை எப்படிக் கண்டறிவது என்று நிபுணர்கள் கூடி முடிவுசெய்த 2016 வாரிக் உடன்பாட்டில் எக்ஸ்ரே, ஸ்கேன் படம் மட்டும் போதாது, வலியும் வேண்டும், காலை மடக்கித் திருப்பிப் பார்க்கும்போது அறிகுறியும் தெரிய வேண்டும் என்று வைத்தார்கள். முதலில் மூன்று மாதம் ஒழுங்கான பயிற்சி. யூடியூப் பார்த்துக் காலை இழுத்து நீட்டுவது அல்ல, அது உரசலைக் கூட்டத்தான் செய்யும்.

செதுக்கிக்கொண்டவன்: நான் செய்துகொண்டவன், அதனால் பேசுகிறேன். பிரிட்டனில் 348 பேரை வைத்து நடந்த 'ஃபேஷன்' என்ற ஆய்வு 2018ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பிசியோ குழுவைவிட ஆபரேஷன் குழுதான் முன்னால். அடுத்த வருடம் பிஎம்ஜே என்ற இன்னொரு மருத்துவ இதழில் வந்த 222 பேர் ஆய்விலும் அதே கதை. இதற்கு மேல் என்ன வேண்டும் அக்கா?

பிசியோ_செல்வி: எவ்வளவு முன்னால் என்பதையும் சொல்லுங்கள் சார். ஃபேஷனில், இடுப்பு எப்படி இருக்கிறது என்று நோயாளியே சொல்வதை வைத்துப் போடும் மதிப்பெண்ணில் நூற்றுக்கு 6.8. நோயாளி உணர்கிற வித்தியாசம் என்று அவர்கள் வைத்திருந்ததே 6.1. பார்டர் பாஸ்! பிசியோ குழுவும் முன்னைவிடத் தேறியிருந்தது. தனக்கு ஆபரேஷன் நடந்தது என்று தெரிந்தவரிடமே வலி எப்படி என்று கேட்டால் என்ன சொல்வார்? 2021ல் வந்த 'ஃபர்ஸ்ட்' என்ற ஆய்வில் பாதிப் பேருக்குச் செதுக்கினார்கள், மீதிப் பேருக்கு மூட்டைக் கழுவிவிட்டதோடு சரி. ஒரு வருடத்தில் வலியில் வித்தியாசமே இல்லை.

செதுக்கிக்கொண்டவன்: அதே ஆய்வில் இரண்டு வருடத்துக்குள் மறுபடி டேபிளில் ஏறியது செதுக்காதவர்கள்தான் அதிகம். அதை மட்டும் ஏன் விழுங்கிவிட்டீர்கள்?

ஓடி_டெக்னீஷியன்: ரெண்டு பேருக்கும் நடுவில் ஒரு வார்த்தை. 'சின்னத் துளை' என்று எல்லோரும் லேசாகச் சொல்கிறீர்கள். வெளியே தையல் சின்னதுதான், உள்ளே நடப்பது சின்னது இல்லை. கவட்டையில் பஞ்சு சுற்றிய கம்பத்தை முட்டுக்கொடுத்து, பாதத்தைப் பூட்டில் கட்டி, மூட்டு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு விலகும் வரை இழுக்க வேண்டும், சி-ஆர்ம் என்கிற எக்ஸ்ரே கருவியில் பார்த்துக்கொண்டே. எழுந்த பிறகு அந்தரங்கப் பகுதியில் மரத்துப் போனது என்று சிலர் பதறுவார்கள். பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும், ஆனால் முன்கூட்டியே சொல்லி வைப்பவர்கள் குறைவு. ஒன்று, சுவிட்சர்லாந்தின் பெர்னில் கான்ஸ் என்ற சர்ஜன் இதற்கென்று தொடை எலும்பின் மேல்முனையில் ஒரு துண்டை வெட்டித் திருப்பி, மூட்டையே கழற்றிச் செய்த பழைய முறையைப் பார்த்தால் இது எவ்வளவோ தேவலை.

முரளி_கோல்கீப்பர்: சரி, டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரே இதே துளை ஆபரேஷனை 2018 ஜனவரியில் செய்துகொண்டாரே, அடுத்த ஜனவரியில் மூட்டுக்கு உலோக மூடி போட்டார்கள். அப்படியானால் முதலில் செய்தது வீணா?

செதுக்கிக்கொண்டவன்: அவர் மூட்டு ஏற்கெனவே தேய்ந்தது தம்பி. குருத்தெலும்பு போன பிறகு செதுக்கி என்ன பயன்? உன் எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் என்று கேள். இரண்டுக்குக் கீழே என்றால் நானே வேண்டாம் என்பேன்.

பிசியோ_செல்வி: இதில் மட்டும் சாரோடு ஒத்துப்போகிறேன். மூன்று மாதத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முரளி_கோல்கீப்பர்: ரிப்போர்ட்டில் இடைவெளி பற்றி ஒரு வரியும் இல்லை. திங்கட்கிழமை போய்க் கேட்கிறேன்.