ரெப்ளிக்காவுக்குத் தமிழ்: 'வழிப்பொருள்' சரிவருமா?

குழும அன்பர்களுக்கு வணக்கம். பழம்பொருளை ஒத்ததாக இன்று செய்யும் பொருளை ஆங்கிலத்தில் ரெப்ளிக்கா என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடிவரும் நம் உரையாடலில் ஓர் அன்பர் கேட்டிருந்தார்:

> 'நகல்' என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் தெரிந்த சொல். புதிதாக ஒன்று எதற்கு?

நகல் என்றதும் கண்முன் வருவது ஜெராக்ஸ் கடை, ஐயா. பத்திர நகல், குடும்ப அட்டை நகல் என்று தாளோடு ஒட்டிப்போன சொல் அது. ரோமானியரின் புழங்குபொருள்களை இன்று மண்ணிலும் கண்ணாடியிலும் இரும்பிலும் திரும்பச் செய்கிறார்கள். விளக்கு, மெழுகுப் பலகை, எழுத்தாணி, உடையைப் பிணைக்கும் ஊக்கு, குளியலில் உடம்பில் தேய்த்த எண்ணெயை அழுக்கோடு வழித்தெடுக்கும் வளைந்த சுரண்டி. இவற்றை 'நகல்' என்றால், செய்தவரின் கைவேலை சொல்லிலிருந்தே விழுந்துவிடுகிறது.

'போலி' வேண்டாம் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இல்லை. 'இல்முன்' என்பதை முன்பின்னாக மாற்றி 'முன்றில்' என்பது இலக்கணப்போலி. அங்கே வசை ஏதும் இல்லை. ஆனால் இன்றைய காதுக்குப் போலி என்றால் ஏமாற்று. அதை ஏமாற்றுக்கே விட்டுவிடுவோம்.

சென்ற மடலில் குழும அன்பர் ஒருவர் சொன்ன 'படி' எனக்கு மிகவும் பிடித்தது. ஏட்டைப் படியெடுத்தோம்; கல்வெட்டுக்கு இன்றும் மைப்படி எடுக்கிறோம். மைப்படியில் தாள் கல்லின்மேல் படிகிறது. மூலத்தின் உடம்பைத் தொட்டு வருவதுதான் படி. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் 1852இல் தொடங்கிய ரோமானிய-ஜெர்மானிய நடுவ அருங்காட்சியகம் அகழாய்வுப் பொருள்களுக்கு அச்செடுத்துச் சாந்தில் வார்த்து வண்ணம் பூசியது, அவை படிகள். 1868இல் ஜெர்மனியின் ஹில்டெஸ்ஹைமில் ரோமானிய வெள்ளிப் பாத்திரப் புதையல் கிடைத்தது. பாரிசின் கிறிஸ்தோஃபிள் நிறுவனம் அதற்கு மின்பகுப்பு முறையில், அச்சுக்குள் உலோகத்தைப் படியவைத்து ஒப்புப் பாத்திரங்கள் செய்தது. அங்கே 'படி' இன்னும் கச்சிதம். உலோகம் உண்மையிலேயே படிகிறது.

ஆனால் இத்தாலியின் பழைய ரோமானிய நகரமான ஹெர்குலேனியத்து ரொட்டியை என்ன சொல்வது? கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது கரியாகிப்போன வட்ட ரொட்டி. மேலே எட்டுத் துண்டாகக் கீறல், இடுப்பைச் சுற்றி கயிறு கட்டியதுபோல் ஒரு பள்ளம். இன்றைய ரொட்டிக்காரர்கள் அந்தக் கீறலையும் பள்ளத்தையும் பார்த்து மாவு பிசைந்து கயிறு கட்டிச் சுட்டெடுக்கிறார்கள். யாரும் கரித்துண்டின்மேல் அச்சு எடுக்கவில்லை. இது படியன்று. பார்த்து, அளந்து, முறையைக் கற்று, புதிதாகச் செய்தது. இதற்கு நம்மிடம் சொல் இல்லை.

நான் முன்வைப்பது வழிப்பொருள். நூல்வகையில் முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறோம். முன்னோர் நூலின் முடிபோடு முற்றும் ஒத்துப்போய், பின்னவர் வேண்டும் விகற்பமும் சொல்வது வழிநூல் என்கிறது நன்னூல். அந்த விகற்பத்துக்கு இடம் இருப்பதாலேயே இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் இன்றைய கைவினைஞர் ஓர் இடத்தில் விலகத்தான் வேண்டும். விறகு உலைக்குப் பதில் எரிவாயு உலை வரும். பின்னால் யாரும் பழம்பொருள் என்று விற்றுவிடாதபடி அடியில் தம் முத்திரையை இடுவார். முதல்பொருள், வழிப்பொருள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் உறவு தானே விளங்குகிறது. பாத்திரமானால் வழிக்கலம்.

இனி என் வரையறையை நானே ஒருமுறை மாற்றிக்கொண்ட கதை. முதலில், 'படி காட்சிக்கு, வழிப்பொருள் புழக்கத்துக்கு' என்று எழுதி வைத்திருந்தேன். என் மேசையில் ரோமானிய விளக்கின் வழிப்பொருள் ஒன்று இருக்கிறது. உள்ளங்கை அளவு. மேல்பாதி, கீழ்ப்பாதி புதிதாகச் செய்த தனித்தனி அச்சில் அமுக்கி ஒட்டியது; விளிம்பில் விரலை ஓட்டினால் ஒட்டிய தழும்பு தட்டுப்படும். நடுவில் எண்ணெய் ஊற்றும் துளை, முன்னால் திரி நீட்டும் மூக்கு. நல்லெண்ணெய் ஊற்றிப் பஞ்சுத்திரி போட்டேன். சுடர் சிறிது, ஆனால் நின்று எரிந்தது. திரி கருகக் கருக ஊசியால் வெளியே இழுத்துவிட வேண்டியிருந்தது. காலையில் பார்த்தால் அடியில் வைத்த தாளில் எண்ணெய் வட்டம், மண் கசிந்திருக்கிறது. சாந்துப் படி இதையெல்லாம் கற்றுத்தராது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஃபோர்டிஸ் விளக்குகள் அந்த வரையறையை உடைத்துவிட்டன. கி.பி. முதல் நூற்றாண்டில் வட இத்தாலியில், இன்றைய மொடேனாப் பக்கம், ஃபோர்டிஸ் என்ற பெயரை அடியில் புடைப்பெழுத்தில் பதித்து விளக்குகள் செய்தார்கள். பேரரசின் மாநிலங்கள் பலவற்றிலும் அவை கிடைக்கின்றன. அங்கங்கே இருந்த குயவர்கள் கடையில் வாங்கிய விளக்கின்மேலேயே அச்செடுத்துப் புது விளக்கு செய்தார்கள், பெயரோடு சேர்த்து. மண் உலரும்போதும் சுடும்போதும் சுருங்கும். பத்தில் ஒரு பங்கு சுருங்கும் மண் என்று வைத்துக்கொண்டால், 10 செ.மீ. விளக்கின் பிள்ளை 9 செ.மீ., பேரன் 8.1 செ.மீ. தலைமுறைக்குத் தலைமுறை எழுத்தும் மழுங்கும். ஆய்வாளர்கள் இந்தச் சுருக்கத்தையும் மழுங்கலையும் வைத்தே படியை அடையாளம் காண்கிறார்கள்.

அந்தப் பேரன் விளக்கு படிதான். ஆனால் எண்ணெய் ஊற்றி எரித்த விளக்கு. ஆகவே பயன்பாட்டை வரையறையிலிருந்து எடுத்துவிட்டேன். செய்முறை மட்டும் போதும்: மூலத்தின்மேல் அச்செடுத்தால் படி, பார்த்து அளந்து புதிதாகச் செய்தால் வழிப்பொருள். பெயரையும் சேர்த்து அச்செடுத்ததால் அதைப் போலி என்று ஓர் அன்பர் எழுதியிருந்தார். அடியில் உள்ள பெயரை மட்டும் வைத்து, வாங்கியவரை ஏமாற்றினார்கள் என்று சொல்லிவிட முடியாது. நான் 'போலி' என்று எழுதமாட்டேன்.

> 'வழி' என்றால் பாதை என்று நினைப்பார்களே. வழிப்பொருள் கட்டுச்சோறு ஆகிவிடாதா?

வழித்துணை, வழிச்செலவு எல்லாம் இருப்பது உண்மைதான். ஆனால் வழித்தோன்றல், வழிவழியாக, வழிநூல் என்ற வரிசையும் வழக்கில் இருக்கிறது. பொருளுக்குப் பக்கத்தில் நின்றால் குழப்பம் வராது. காட்சிப்பேழைக் குறிப்பு இப்படி அமையும்:

மெழுகுப் பலகையும் எழுத்தாணியும். வழிப்பொருள். மரம், தேன்மெழுகு, இரும்பு.

எழுத்தாணிக்கு நாம் புதுச் சொல் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. என் மேசையில் உள்ள அந்த ரோமானிய வகை விளக்குக்குத்தான் இன்னும் பெயர் அமையவில்லை. நெடுநல்வாடையில் யவனர் செய்த பாவை கையில் ஏந்துவது அகல்தான் என்றாலும், நம் அகல் வாய் திறந்தது. இது மேலே மூடியது. கெண்டிக்கு மூக்கு என்கிறோமே, அதைக்கொண்டு 'மூக்கு விளக்கு' என்று தற்காலிகமாகக் குறித்து வைத்திருக்கிறேன். மண்பாண்டத் தொழிலில் இருப்பவர்கள் யாரேனும் குழுமத்தில் இருந்தால், மூடிய வாயும் நீண்ட மூக்கும் உள்ள மண்விளக்கை உங்கள் பக்கம் என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.