சிங்க்பிளேயில் எல்லாருக்கும் ஒரே நிமிடம், அண்ணன் மட்டும் முன்னால் போய்விடுகிறார் (உதவி தேவை)

முத்தியால்பேட்டை_வாசகி:
வணக்கம். நாங்கள் நாலு பேர் சனிக்கிழமை ராத்திரி சேர்ந்து ஒரு அனிமே பார்க்கிறோம். நான் புதுச்சேரி. சித்தி பொண்ணு கடலூர் மஞ்சக்குப்பம், தோழி வில்லியனூர், பெரியப்பா மகன் பாரிஸ் பக்கத்தில். அண்ணன் ஊருக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. வாரத்தில் நாங்கள் சேர்ந்து இருப்பது இந்த ஒரு மணி நேரம்தான்.

தொடர் 'ஹைபனே ரென்மெய்', 2002-ல் வந்தது, 13 பாகம். பார்க்காதவர்களுக்கு: மதில் சூழ்ந்த ஒரு ஊர். அங்கே ஒரு பெண் பெரிய கூட்டுக்குள்ளிருந்து பிறக்கிறாள். காய்ச்சல் வந்து, முதுகைக் கிழித்துக்கொண்டு சாம்பல் நிறச் சிறகு முளைக்கிறது. முன்பு யாராக இருந்தாள் என்பது அவளுக்கே நினைவில்லை. கூட்டுக்குள் கண்ட கனவுதான் பெயர். விழுவதுபோலக் கனவு கண்டதால் இவள் ராக்கா. அந்த ஊர் எது, மதிலுக்கு வெளியே என்ன, யாரும் சொல்வதில்லை. மெதுவாகப் போகும். பாதி நேரம் காற்றும் காக்கையும்தான். எனக்கு அது அவ்வளவு பிடித்திருக்கிறது.

பிரச்சினை இதுதான். சிங்க்பிளே (எல்லார் கணினியிலும் படத்தை ஒரே நிமிடத்தில் வைக்கும் மென்பொருள்) போட்டு ஆளுக்கு ஒரு கோப்பை அவரவர் கணினியில் ஓட்டுகிறோம், பேச்சுக்குத் தனியாக போனில் குரூப் கால். தொடங்கும்போது எல்லாம் சரி. போகப் போக அண்ணன் எங்களுக்கு முன்னால் பார்க்கிறார். ஆனால் சிங்க்பிளே திரையில் நாலு பேருக்கும் அதே நிமிடம், அதே விநாடி! இதுவரை நடுவில் ஓர் இடத்தில் நிறுத்தி, காட்சியைச் சொல்லிச் சொல்லிச் சரிசெய்துகொண்டோம். போன வாரம் ஆறாவது பாகம், நிறுத்தாமல் பார்ப்போம் என்றேன். கடைசியில் என்ன நடக்கிறது என்று இங்கே எழுத மாட்டேன். அண்ணன் விம்முகிற சத்தம் போனில் கேட்டது. எங்கள் திரையில் அப்போது ஒன்றுமே ஆகவில்லை. அதற்குப் பிறகு வந்ததை நாங்கள் மூன்று பேரும் முன்பே தெரிந்த செய்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்தோம். அவருக்கு அது தெரிந்து இன்னும் வருத்தம். தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

வில்லியனூர்_மழை:
நெட் வேகமா இருக்கும் அக்கா. மழை நேரம், எங்க தெருவிலயும் விட்டு விட்டு வருது. ரௌட்டர் பக்கத்துல உட்காரச் சொல்லுங்க, இல்லன்னா கேபிள் போடச் சொல்லுங்க.

முத்தியால்பேட்டை_வாசகி:
நன்றி தம்பி. ஆனால் கோப்பு அவரவர் கணினியிலேயே இருக்கிறது, படம் நெட்டில் வரவில்லை. போன் காலும் தெளிவாகத்தான் இருக்கிறது.

தேங்காய்த்திட்டு_99:
எதுக்கு இவ்வளவு கஷ்டம்? ஒருத்தர் ஸ்க்ரீன் ஷேர் பண்ணுங்க, மத்தவங்க பாருங்க. டிஸ்கார்டில் இலவசமாவே முடியும். இல்லன்னா எல்லாரும் 1.25 வேகத்துல ஓட்டுங்க. மெதுவான தொடர்தானே, சீக்கிரம் முடிஞ்சிடும்.

முத்தியால்பேட்டை_வாசகி:
ஸ்க்ரீன் ஷேர் முதல் வாரமே செய்து பார்த்தோம். இந்தத் தொடரில் மங்கலான பழுப்பு, சாம்பல், விளக்கில்லாத அறை அதிகம். இலவசக் கணக்கில் 720-க்கு மேல் போகாது, இருட்டான இடமெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்தது. வேகத்தைக் கூட்ட எனக்கு மனசில்லை. ராக்கா ஒரு பாலத்தில் சும்மா நிற்கிறாள் என்றால், அவள் நிற்கிற அந்த நேரம்தான் கதை.

கெடிலக்கரை:
அம்மா, மூணு கேள்வி.
உங்க கோப்பும் அண்ணன் கோப்பும் ஒரே இடத்துலேர்ந்து வந்ததா?
ஆறாவது பாகம் மொத்தம் எத்தனை நிமிஷம்னு இரண்டு பேர் கணினியிலும் பார்த்துச் சொல்லுங்க.
அண்ணனுக்குப் பாட்டும் குரலும் கொஞ்சம் கீச்சுனு இருக்கா? ஒரே பாட்டை ரெண்டு பேரும் போட்டு, போன்ல கேட்டுப் பாருங்க.

முத்தியால்பேட்டை_வாசகி:
ஐயா, இப்போதுதான் அண்ணனிடம் கேட்டேன்.
ஒரே இடம் இல்லை. எங்கள் மூவருடையது ப்ளூரேயிலிருந்து எடுத்தது. அண்ணன் படிக்கிற காலத்தில் அங்கே கடையில் வாங்கிய பழைய பிரெஞ்சு டிவிடி வைத்திருக்கிறார். இந்தத் தொடரை எங்களுக்குச் சொன்னதே அவர்தான், அந்த டிஸ்கில்தான் பார்ப்பேன் என்கிறார்.
எங்களுக்கு 23 நிமிடம் 58 விநாடி. அவருக்கு 22 நிமிடம் 59. சிங்க்பிளே முதல் நாளே 'நீளம் வேறுபடுகிறது' என்று காட்டியது. தொடக்கப் பாட்டை வெட்டியிருப்பார்கள் என்று விட்டுவிட்டோம். இப்போது பார்த்தால் பாட்டு முழுதாக இருக்கிறது.
பாட்டைப் போட்டுப் பார்த்தோம். ஆமாம் ஐயா, அவருடையது சுருதி மேலே இருக்கிறது!

கெடிலக்கரை:
அப்போ பிடிபட்டுடுச்சு. யார் மேலயும் தப்பில்லை.

நான் திருப்பாதிரிப்புலியூர்ல கல்யாண வீடியோ எடிட்டிங் 20 வருஷம் பார்த்தவன். மாப்பிள்ளை வீடு அமெரிக்கான்னா அங்கத்திய டிவி முறையான என்.டி.எஸ்.சி-யில தனி டிஸ்க் போடுவோம். பிரான்ஸ்னா டிஸ்க்குக்கு நம்ம ஊர் 'பால்' முறையே அங்கேயும், அப்படியே கொடுத்துடலாம். பாண்டிச்சேரி கல்யாணம்னா இந்தக் கேள்வி கேட்காம ஆர்டர் எடுக்க மாட்டோம்.

சினிமாவும் இந்த மாதிரி அனிமேயும் விநாடிக்கு 24 படம் (ஃப்ரேம்), துல்லியமா 23.976. ஜப்பான், அமெரிக்கா டிவி முறையில அதை நீளம் மாறாம ஏத்திடலாம். ஐரோப்பாவுல கரண்ட் 50 ஹெர்ட்ஸ், டிவி விநாடிக்கு 25 படம். 24-ஐ 25 ஆக்க அவங்க கண்ட சுலப வழி, படத்தையே கொஞ்சம் வேகமா ஓட்டுறது. நாலு சதவீதம் வேகம் கூடும். தனியாப் பார்க்கிறவங்களுக்குத் தெரியவே தெரியாது. சத்தமும் கூடவே ஏறும், அரைக்கட்டைக்குக் கொஞ்சம் குறைவா.

உங்க 23:58-ஐ 25-ஆல வகுத்து 23.976-ஆல பெருக்குங்க. சரியா 22:59 வரும். அண்ணன்கிட்ட ஒரு காட்சியும் குறையலை, அவர் டிஸ்க் வேகமா ஓடுது, அவ்வளவுதான்.

சிங்க்பிளே ஏன் உதவலைன்னா, அது கடிகாரத்தைத்தான் பார்க்கும், காட்சியைப் பார்க்காது. எல்லாருக்கும் 12-வது நிமிஷம்னு அது நிறுத்தி வச்சிருக்கும்போது அண்ணன் அரை நிமிஷம் முன்னால இருப்பார். 22-வது நிமிஷத்துல கிட்டத்தட்ட ஒரு நிமிஷம். அவர் அழுததும் அந்த ஒரு நிமிஷம் முன்னாடிதான்.

செய்ய வேண்டியது: அண்ணன் மட்டும் சிங்க்பிளேயை விட்டு வெளியே வரட்டும். உள்ளே இருந்தா அது அவரைத் தப்பான இடத்துக்கு இழுத்துக்கிட்டே இருக்கும். விஎல்சி பிளேயரில் பிரிஃபரன்ஸஸ் போய் 'ஆல்' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'இன்புட் கோடெக்ஸ்' பகுதியில் பிளேபேக் ஸ்பீடை 0.959-ன்னு போடணும். மெனுவுல இருக்கிற 'மெதுவாக' பொத்தான் பெரிய படியா இறங்கும், அது வேண்டாம். அப்புறம் ஆடியோ பகுதியில 'டைம் ஸ்ட்ரெச்சிங்' டிக்கை எடுத்துடுங்க. அது இருந்தா வேகம் குறைஞ்சாலும் சுருதி இறங்காது. எடுத்துட்டா சத்தமும் படத்தோட சேர்ந்து இறங்கி, ஜப்பான்காரன் பதிவு பண்ணின சுருதிக்கே வந்துடும். தொடங்கும்போது போன்ல மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு எண்ணி அழுத்துங்க.

சில்வர்பீச்_காற்று:
ஐயா சொன்னது அருமை. நீளத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். இந்தத் தொடரை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இசை கோ ஒடானி. சத்தம் எவ்வளவு முக்கியமோ, சத்தம் இல்லாத இடமும் அவ்வளவு முக்கியம். யாராவது ப்ளூடூத் ஹெட்செட்டில் படத்தையும் கேட்டு, அதன் மைக்கிலேயே பேசவும் செய்தால், மைக் திறந்த உடனே ஒலி தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். படத்துக்குக் கம்பி இயர்போன், பேச்சுக்குப் போன் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

முத்தியால்பேட்டை_வாசகி:
தங்கை இத்தனை வாரமும் "பாட்டு ரேடியோ மாதிரி கேக்குது, பழைய தொடர்ல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்! அவளுடையது ப்ளூடூத்தான். பாவம், ஐந்து பாகம் அப்படியே கேட்டிருக்கிறாள்.

சில்வர்பீச், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தோழிக்கு இப்போது பொறுமை போகிறது. "தலைக்கு மேல ஒளிவளையம் ஏன், மதில் ஏன், எப்போதான் சொல்லுவாங்க?" என்று பாகம் முடிந்ததும் கேட்கிறாள். அண்ணன் முன்பே பார்த்தவர், வாய் திறப்பதில்லை. நான் என்ன சொல்வது?

சில்வர்பீச்_காற்று:
உண்மையைச் சொல்லிவிடுங்கள். மதில் ஏன் என்பதற்குப் பதில் வராது. அதை எதிர்பார்த்து 13 பாகம் உட்கார்ந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இது யோஷிதோஷி ஆபே தானே அச்சிட்டு வெளியிட்ட சிறு சித்திரக்கதையிலிருந்து வளர்ந்தது. 1998-ல் வந்த 'சீரியல் எக்ஸ்பெரிமென்ட்ஸ் லெய்ன்' தொடரின் பாத்திரங்களை வரைந்தவரும் அவரே. அதிலும் விளக்கம் கையில் கிடைக்காது.

ஆனால் கதை எதையும் முடிக்காமல் விடவில்லை. ராக்காவுக்கும் ரெக்கிக்கும் நடுவில் தொடங்கியது முழுமையாக முடிகிறது. தோழியிடம் மதிலை விட்டுவிட்டு ரெக்கியைப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாரையும் பார்த்துக்கொள்கிறவள், அவளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று. இதற்கு மேல் சொன்னால் கெடுத்துவிடுவேன்.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம்: ஒரு ராத்திரிக்கு ஒரே பாகம். முடிவுப் பாட்டு முழுதும் ஓடும்வரை யாரும் பேசக்கூடாது. முன்பே பார்த்தவர் கேள்வி கேட்கலாம், பதில் சொல்லக்கூடாது.

முத்தியால்பேட்டை_வாசகி:
ஞாயிறு காலை எழுதுகிறேன். நேற்று ஏழாவது போடவில்லை. ஆறாவதையே முதலிலிருந்து போட்டோம், அண்ணன்தான் கேட்டார்.

0.959 போட்டு, எண்ணி அழுத்தினோம். நடுவில் நிறுத்தவே இல்லை. 15-வது நிமிடத்தில் அண்ணன் மெதுவாக "இப்போ கதவு திறக்குதா?" என்று கேட்டார், எங்களுக்கும் அப்போதுதான் திறந்தது. பிறகு யாரும் சரிபார்க்கவில்லை. அந்தக் கடைசி இடம் வந்தபோது போனில் நாலு பக்கமும் சத்தமில்லை. மஞ்சக்குப்பத்தில் மழை பெய்வது தங்கை போன் வழியாகக் கேட்டது. முடிவுப் பாட்டு முடிந்ததும் தோழிதான் முதலில் பேசினாள், மதிலைப் பற்றி அல்ல, ரெக்கியைப் பற்றி.

பாட்டின் சுருதி இறங்கியதும் அண்ணனுக்கு வேறு பாட்டு போல இருந்ததாம். இத்தனை வருஷம் கேட்டதைவிடச் சோகமாக இருக்கிறது என்றார்.

கெடிலக்கரை ஐயா, உங்களுக்கு அவர் நன்றி சொல்லச் சொன்னார். அவருடைய அக்கா கல்யாண டிஸ்கும் கடலூரில் போட்டதுதானாம், இன்னும் அங்கே ஓடுகிறதாம்.

கெடிலக்கரை:
ரொம்ப சந்தோஷம்மா. ஒண்ணு மறந்துட்டேன். அண்ணன் வேற படம் பார்க்கும்போது வேகத்தைத் திரும்ப 1.00 ஆக்கணும், டைம் ஸ்ட்ரெச்சிங் டிக்கையும் போட்டுடணும். இல்லன்னா எல்லாம் மெதுவாவே ஓடும். அப்புறம், அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால வைப்பாங்க. அதுக்கப்புறம் நமக்கு ராத்திரி 9:30-ன்னா அவருக்கு 5 மணி, 6 இல்லை. சொல்லி வையுங்க.