காய்ச்சல் விட்டும் உடம்பு திரும்பாதவர்கள்: மறக்க முடியாத ஒரு சந்திப்பு

ஈரத்துண்டு

கோவிட் நெகட்டிவ் வந்து பல மாசம் ஆச்சு. எக்ஸ்ரே நார்மல், ரத்தம் நார்மல், ஈசிஜி நார்மல். ஆனா சோர்வு மட்டும் போகல. மத்ததெல்லாம் இங்க இருக்கறவங்களுக்குத் தெரிஞ்சதுதான், நேரா விஷயத்துக்கு வரேன்.

டாக்டரைப் பார்க்கக் காத்திருந்தப்போ பக்கத்து நாற்காலில ஒரு அம்மா. என் அம்மா வயசு இருக்கும். நான் சுவத்துல தலையைச் சாய்ச்சுக் கண்ணை மூடியிருந்தேன். பார்க்கறவங்க தூங்கறேன்னு நினைப்பாங்க. அவங்க மட்டும் மெதுவா, "தலைமுடி அலசின அன்னிக்கு வேற வேலை எதுவும் வச்சுக்கறதில்லதானே?"ன்னு கேட்டாங்க.

எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. பார்த்த டாக்டர் எல்லாரும் "சோர்வு இருக்கா?"ன்னு கேட்டிருக்காங்க. இருக்குன்னு சொல்வேன், எழுதிக்குவாங்க. ஆனா கையைத் தலைக்கு மேல தூக்கி ஷாம்பூ தேய்ச்சா அன்னிக்கு நாளே போச்சுன்னு நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. இதையெல்லாமா சொல்வாங்க?

"குளிக்கற இடத்துல ஸ்டூல் போட்டுக்கோ. ரொம்ப சூடா ஊத்திக்காதே, நின்னா கிறுகிறுக்கும். துவட்டக்கூட வேணாம், துண்டைச் சுத்திக்கிட்டு அப்படியே படு, தானா காயும்"னாங்க. அதுக்குள்ள அவங்களைக் கூப்பிட்டுட்டாங்க. சுவரைப் பிடிச்சுக்கிட்டே உள்ள போனாங்க. அடுத்தது வேற அறைல என் முறை. வெளிய வந்து பார்த்தா ஆளைக் காணோம்.

அவங்களுக்கு என்ன வந்துச்சு, வீட்ல துணைக்கு யாராவது இருக்காங்களா, எதுவும் தெரியாது. இப்படி உங்களுக்கும் யாராவது எதிர்ப்பட்டிருந்தா எழுதுங்க.

அரைநாள் ஆள்

எனக்கு எதிர்ப்பட்டது ஒரு குரல். முகம் இன்னிக்கு வரைக்கும் பார்த்ததில்லை.

நல்லா இருக்குன்னு தோணுற நாள்ல வேலையை இழுத்துப் போட்டுச் செய்வோம், அன்னிக்கு ஒண்ணும் ஆகாது, மறுநாளோ அதுக்கு மறுநாளோ எழுந்திருக்கவே முடியாது. அந்த மாதிரி விழுந்து கிடந்தப்போ தெரிஞ்சவர் ஒருத்தர் குழு அழைப்பு ஒண்ணுல சேர்த்துவிட்டார். வாரம் ஒரு தடவை, குரல் மட்டும். கேமரா கிடையாது, பாதிப் பேர் படுத்துக்கிட்டுதான் பேசுவாங்க.

முதல் தடவை என் முறை வந்தப்போ சொல்ல ஆரம்பிச்சு, பாதி வாக்கியத்துல வார்த்தை கிடைக்கல. எல்லாருக்கும் தெரிஞ்ச சாதாரண வார்த்தை. "அந்த... அந்த..."ன்னு நின்னுட்டேன். ஆபீஸ்னா யாராவது எடுத்துக் கொடுப்பாங்க, இல்ல சிரிப்பாங்க. இங்க அந்தப் பக்கம் முழு அமைதி. அப்புறம் நடத்துறவங்க, "அவசரமில்ல, எங்க எல்லாருக்கும் அது தொலைஞ்சுதான் போயிருக்கு"ன்னாங்க. எங்கயோ ஒருத்தர் சிரிச்சார், நானும் சிரிச்சேன். நோய் வந்த பிறகு என் உடம்பைப் பத்தி நானே சிரிச்சது அப்பதான்.

இருபது நிமிஷம் ஆனதும் ஒருத்தர் "போதும்"னு வச்சுட்டார். யாரும் ஏன்னு கேக்கல. அந்த ஒழுங்கு எனக்கு ரொம்பப் பிடிச்சது.

ஐந்து நிமிட நடை

எல்லோரும் படுப்பதைப் பற்றியே எழுதுகிறீர்கள். எனக்கு டெங்கு வந்து போனபின் மாதக்கணக்கில் கால் தள்ளாடியது. மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து மேல்வீட்டுப் பெரியவர், "நாளைக்கு ஒரு படி கூட ஏறு" என்றார். ஏறினேன், சரியானது. அவ்வளவுதான் என் கதை.

இனி உங்களுக்குச் சொல்ல வேண்டியது. படுக்கையிலேயே இருந்தால் தசை வேகமாகக் கரையும். அதிலும் வயதானவர்களுக்கு இழந்த தசையைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். முதலில் கட்டிலில் உட்கார்ந்து கால் நீட்டி மடக்குங்கள். பிறகு அறைக்குள், பிறகு வாசல் வரை. ஐந்து நிமிடம் முடிந்தால் அடுத்த வாரம் ஏழு. காலை வெயில் அவசியம், திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு கிடக்காதீர்கள். பகல் தூக்கத்தை முதலில் நிறுத்துங்கள், இரவுத் தூக்கம் தானாக வரும். புரதம் போதுமா என்று பாருங்கள். கைபேசியில் நோயைப் பற்றித் தேடுவதை விடுங்கள், தேடத் தேட இல்லாத அறிகுறியும் வரும். நோய்க்காரர்கள் நோய்க்காரர்களோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தால் பேச்சு முழுக்க நோயாகத்தான் இருக்கும். ஆரோக்கியமானவர்களோடு பழகுங்கள். மனம் எழுந்தால்தான் உடம்பு எழும்.

நாடி எண்ணுபவர்

ஐந்து நிமிட நடை அவர்களே, உங்களுக்குச் சரியானதில் மகிழ்ச்சி. ஆனால் "அடுத்த வாரம் ஏழு" என்பதை எல்லோருக்கும் எழுதிவைக்காதீர்கள். படுத்ததால் தசை தளர்வது ஒன்று. உழைத்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஆள் விழுவது முற்றிலும் வேறு. அரைநாள் ஆள் சொன்னது இரண்டாவது. அப்படி விழுகிறவர்களை வாராவாரம் கூட்டிக்கொண்டே போகச் சொல்லக் கூடாது என்று பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு நாள்பட்ட சோர்வு நோய்க்கான வழிகாட்டுதலை 2021-இல் திருத்தி எழுதியது. அதற்குமுன் பல ஆண்டுகள் அதே அமைப்பு உங்கள் யோசனையைத்தான் சிகிச்சையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நோயாளிகள் விடாமல் சண்டை போட்டதும் அந்த மாற்றத்துக்கு ஒரு காரணம்.

நடந்த அன்று எப்படி இருக்கிறது என்று பார்ப்பது போதாது. இரண்டு நாள் கழித்து எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அப்போதும் நன்றாக இருந்தால் நடங்கள், யார் தடுத்தார்கள்?

மனம் எழுந்தால் உடம்பு எழும் என்கிறீர்கள். 2006-இல் ஆஸ்திரேலியாவின் டப்போ என்ற ஊரில் செய்த ஆய்வு வெளியானது. சுரப்பிக் காய்ச்சல் (தொண்டை வலி, கழுத்துக் கட்டியோடு வருவது), க்யூ காய்ச்சல் (கால்நடைகளிடமிருந்து தொற்றுவது), ராஸ் ரிவர் வைரஸ் (கொசுவால் பரவுவது) என்று மூன்று வெவ்வேறு தொற்று வந்தவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்தும் ஏறக்குறைய 12 சதவீதம் பேர் எழவில்லை. யார் அப்படி ஆவார் என்பதை முதல் நாட்களில் நோய் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதுதான் காட்டிக்கொடுத்தது. அவர்களுடைய பழைய மனநிலை அல்ல.

என் சந்திப்பு மிகச் சிறியது. எழுந்து நின்றாலே நெஞ்சு படபடக்கும், "பதற்றம்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஒரு செவிலியர் மட்டும் போகிற போக்கில், "படுத்திருக்கும்போது நாடியை எண்ணுங்கள், பிறகு சாயாமல் நின்று பத்து நிமிடம் வரை எண்ணுங்கள், எழுதிக் கொண்டுவாருங்கள்" என்றார். பெரியவர்களுக்குப் படுத்திருந்ததைவிட நிமிடத்துக்கு 30 துடிப்புக்கு மேல் ஏறி அங்கேயே நின்றால் அதற்குத் தனிப் பெயரும் மருத்துவமும் இருக்கிறது. தாளோடு போனேன். மருத்துவர் தாளை இரண்டு முறை பார்த்தார், என்னை ஒரு முறை. அதன்பின் பதற்றம் என்ற பேச்சே எழவில்லை.

ஐந்து நிமிட நடை

நான் சொன்னது என் அனுபவம். ஆய்வு எழுதவில்லை.

கதவுக்கு வெளியே

சண்டை வேண்டாமே. நான் நோயாளி இல்லை, நோயாளியின் அம்மா. எங்களுக்கும் இதில் இடம் உண்டுதானே?

மகனுக்குச் சுரப்பிக் காய்ச்சல். தொண்டை சரியாகி, கழுத்துக் கட்டி வற்றி, இனி எழுந்துவிடுவான் என்று காத்திருந்தோம். எழவில்லை. மண்ணீரல் வீங்கியிருக்கலாம், இடிபடுகிற விளையாட்டு எதுவும் சில வாரம் கூடாது என்றார்கள். அவன் விளையாட்டைக் கேட்கவே இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு மணிக்கு ஒரு தடவை கதவைத் தட்டி "இப்ப எப்படிப்பா இருக்கு?" என்று கேட்பேன். ஒருநாள் கண்ணைத் திறக்காமலே சொன்னான்: "அம்மா, நீ கேக்கறப்பல்லாம் உன் முகம் வாடாத மாதிரி ஒரு பதிலை நான் யோசிக்கணும். அதுக்கே களைச்சுப் போயிடறேன்."

கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்று இரவு, இதே மாதிரி மகளை வைத்துக்கொண்டிருக்கிற ஒருத்தியோடு முதல்முறை பேசினேன். தோழியின் தோழி, முன்பின் தெரியாது. அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "எங்க வீட்ல கதவுல ஒரு அட்டை தொங்கும். பச்சை இருந்தா உள்ள போகலாம், சிவப்பு இருந்தா தண்ணியை வச்சுட்டு வந்துடணும்" என்றாள். அட்டை வெட்டினோம். பையன் சிவப்புக்குப் பின்னால் ஒரு பேயைக்கூட வரைந்து வைத்திருக்கிறான்.

ஈரத்துண்டு, உன் அம்மா உன்னிடம் அடிக்கடி கேட்டால் கோபிக்காதே. எங்களுக்கு வேறு என்ன கேட்பதென்று தெரிவதில்லை.

மூக்கறுந்தவன்

எனக்கு வாசனை போனது பெரிசில்ல, திரும்பி வந்ததுதான் கொடுமை. காபி, வெங்காயம், பற்பசை, என் தலையணை, எல்லாம் ஒரே நாத்தம். அதை யாருக்கும் விவரிக்க முடியல. மனைவி பாவம், தானே ஏதோ மாதிரி நாறுறோம்னு நினைச்சு தினம் ரெண்டு தடவை குளிச்சா.

அப்புறம் ஒருத்தர்கிட்ட ஃபோன்ல பேசினேன், இதே கேஸ். "உங்களுக்கு எப்படி இருக்கும்?"னு கேட்டேன். யோசிக்கவே இல்ல. "எரிஞ்ச ரப்பர் மேல அழுகின இறைச்சி"ன்னார். நான் மனைவியைக் கூப்பிட்டு ஸ்பீக்கர்ல போட்டு, "சார், திரும்பச் சொல்லுங்க"ன்னேன். சொன்னார். அவ முகத்தைப் பார்க்கணுமே! சந்தோஷத்துல ஒருத்தி அழுதா, அதுவும் அழுகின இறைச்சிக்கு.

வாசனைப் பயிற்சி அவர்தான் சொல்லித் தந்தார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். ஜெர்மனில தாமஸ் ஹும்மல் குழு 2009-ல வெளியிட்ட ஆய்வுல இருந்த அதே நாலு. காலை ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை மோந்து பார்க்கணும், மாசக்கணக்கா. எனக்கு எலுமிச்சை முதல்ல திரும்பிச்சு, கிராம்பு இன்னும் ரப்பர்தான்.

முட்டிக்காரர்

சிக்குன்குனியா. மாதங்கள் ஓடிவிட்டன, காலையில் விரல் மடங்காது. பாட்டில் மூடி திறக்காமல் நின்றபோது பேரப்பிள்ளை வாங்கித் திறந்தது. அதை விடுங்கள்.

மாடியிலிருந்து ஒருவர் பக்கவாட்டில், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கிவந்தார். நான் கீழிருந்து அதே மாதிரி ஏறிக்கொண்டிருந்தேன். நடுவில் நேருக்கு நேர். "உங்களுக்குமா?" என்றார். "ஆமாம்" என்றேன். யார் வழிவிடுவது என்று இரண்டு பேருக்கும் புரியவில்லை, ஏனென்றால் யாராலும் ஒதுங்க முடியவில்லை. இப்போது காலையில் யாருக்கு முதலில் விரல் மடங்குகிறதோ அவர் மற்றவரை அழைக்கிறார்.

வெளியேறியவள்

எல்லாரும் குழுவைப் புகழறீங்க. என் அனுபவம் வேற, அதையும் பதிவு பண்ணிடறேன்.

ராத்திரி தூக்கம் வராம ஒரு பெரிய குழுல உட்கார்ந்து படிச்சுக்கிட்டே இருப்பேன். ரெண்டு வருஷம் ஆச்சு, மூணு வருஷம் ஆச்சுன்னு வரிசையா எழுதியிருப்பாங்க. சரியானவங்க ஒருத்தர்கூட எழுதலயேன்னு நெஞ்சு அடைக்கும். சரியானவங்க அங்க ஏன் இருக்கப் போறாங்கன்னு அந்த நேரத்துல தோணாது. அதுக்கு மேல ஒருத்தர், தனிச்செய்தில ரொம்ப அக்கறையா வந்து விசாரிச்சார். தினம் விசாரிச்சார். ஒரு வாரம் போனதும் "இந்தப் பொடி எங்க அக்காவைக் காப்பாத்துச்சு"ன்னு விலையோட அனுப்பினார். நோயைவிட அந்த அக்கறை பொய்யாப் போனதுதான் வலிச்சது. அன்னிக்கே வெளிய வந்துட்டேன்.

இன்னொண்ணு. குழுல ஒருத்திக்கு நெஞ்சு வலி, மூச்சு வாங்குது. "எனக்கும் இப்படித்தான், படுத்தா போயிடும்"னு வரிசையா பதில். எப்பவும் இருக்கற சோர்வு வேற, புதுசா வர்ற நெஞ்சு வலி வேற. அதுக்கு நோயாளிகிட்ட கேக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்கு ஓடணும். ஆக்ஸிமீட்டரை மட்டும் நம்பி உட்காரவும் கூடாது, நகப்பூச்சு இருந்தாலே அது தப்பாக் காட்டலாம், கறுத்த தோலுக்கு இருக்கறதைவிடக் கூடவும் காட்டலாம்.

அரைநாள் ஆள்

வெளியேறியவள், நீங்க சொன்ன ரெண்டும் நடக்குது, மறுக்கல. எங்க அழைப்புல பதினைஞ்சு பேருக்கு மேல சேர்க்கறதில்ல. மருந்து, பொடி எதோட பேரும் சொல்லக் கூடாது, சொன்னா நடத்துறவங்க உடனே நிறுத்திடுவாங்க. நெஞ்சு வலின்னு யாராவது ஆரம்பிச்சா பேச்சை அங்கயே வெட்டி, வீட்ல இருக்கறவங்ககிட்ட ஃபோனைக் கொடுக்கச் சொல்வாங்க. தேறிப்போன ரெண்டு பேர் மாசம் ஒரு தடவை வேணும்னே வந்து உட்காருவாங்க.

குழுன்னாலே புலம்பல்தான்னு நினைக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். 2020-ல பாடி பாலிடிக்னு கோவிட் நோயாளிகளுக்கான ஒரு இணையக் குழுல சந்திச்ச நோயாளிகளே ஆராய்ச்சில இறங்கினாங்க. அவங்க நடத்தின கணக்கெடுப்பு 2021-ல மருத்துவ இதழ்ல வந்துச்சு, 56 நாட்டுலேருந்து 3,762 பேர் பதில் சொல்லியிருந்தாங்க. கோவிட்டுக்குப் பிறகு நீடிக்கற இந்த நோய்க்கு உலக சுகாதார அமைப்பு வரையறை சொன்னது அதே வருஷம் அக்டோபர்ல, அதுக்கும் பிறகு.

வெளியேறியவள்

சின்னக் குழுன்னா யோசிக்கறேன். ராத்திரி நேரமா இருந்தா வேணாம். பேசாம கேட்டுக்கிட்டு மட்டும் இருக்கலாமா?

அரைநாள் ஆள்

தாராளமா. ஒருத்தர் சேர்ந்ததுலேருந்து "வணக்கம்" மட்டும்தான் சொல்றார். வியாழன் மாலை, முப்பது நிமிஷம். தனியா எழுதுங்க, வழி சொல்றேன்.